பத்து மைக்ரோகிராம்

கலியுகம் பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழிந்தபின், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, மனித குலத்தின் எதிர்காலம் திருவொற்றியூர் ஆய்வகம் ஒன்றுக்கு எழுந்தருளியது. ஆட்டோவில் வந்தது.

தெர்மாகோல் பெட்டிக்குள் டிரை ஐஸ் புகைந்துகொண்டிருந்தது. நடுவில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு குப்பி. மனித செல்லின் மேற்பரப்பில் குடியிருக்கும் ஒரு என்சைமை, அதற்கான மரபணுவை வேறொரு செல்லில் புகுத்தி, அயல்நாட்டில் செய்து அனுப்பியிருந்தார்கள். அளவு பத்து மைக்ரோகிராம். ‘மருந்தல்ல, ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஆய்வகம் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார் டைரக்டர் மனோகரன். நோட்டீஸில் என்சைமின் பெயரைவிட அவர் பெயர் பெரிது.

பெட்டியை ஸ்டோர் கீப்பர் தண்டபாணி பெற்றுக்கொண்டார். கூட்டிப் பெருக்கும் தாயம்மா எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாத்தே, காலியானா அந்தப் பொட்டிய எனக்குத் தா. மீனு வெக்க ஆவும்.”

“போம்மே. இது சயின்ஸ் பொட்டி. மீன்பாடி வண்டில ஏத்தறதுக்கா வந்துகீது?”

தண்டபாணி குப்பத்துப் பிள்ளை. மீன் ஏலத்தில் கூடையைப் பார்த்த பார்வையிலேயே எத்தனை கிலோ தேறும் என்று சொல்லும் குடும்பம். தராசைத் தேடினால் கேவலம். அந்தக் கண்ணால் குப்பியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆட்டினார், சத்தமில்லை. மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினார். ஊதியும் பார்த்தார்.

“வெறும் புட்டிய அனுப்பி நாமம் போட்டுகிறான் வெள்ளக்காரன். கழுவி வையி, அனுப்பினவனாண்ட காட்டி நாலு கேள்வி கேக்கலாம்” என்று தாயம்மாவிடம் நீட்டினார். அவள் சோப்புப் போட்டே கழுவினாள்.

மதியம் ஆராய்ச்சியாளர் பவானி வந்து குப்பியைக் கேட்டாள். பளபளவென்று வந்த குப்பியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். உலர்த்திய பொடி கண்ணுக்கே தெரியாமல் உள்சுவரில் படிந்திருக்குமாம். சொட்டு நீர் விட்டுக் கரைத்து எடுக்க வேண்டுமாம்.

“யார் வேலை இது?” என்றார் மனோகரன்.

தண்டபாணி வாயைத் திறந்தார். “தாயம்மா கழுவிடுச்சு சார்” என்று வந்தது. பொய்யில்லை. அதுதான் அதிலிருந்த அசிங்கம்.

மிச்சத்தையும் சொல்வார் என்று தாயம்மா அவர் முகத்தையே பார்த்திருந்தாள். அவர் நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார். விஞ்ஞானத்துக்கு இழைக்கப்பட்ட துரோகம் பற்றி மனோகரன் முக்கால் மணி நேரம் பேசினார். சாரம் இதுதான்: தாயம்மா நாளையிலிருந்து வர வேண்டாம்.

மூன்று நாள் தண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை. பிசையக் கையை நீட்டினால், பத்து மைக்ரோகிராமும் உள்ளங்கையிலேயே ஒட்டியிருப்பதுபோல் கூசியது. நான்காம் நாள், சொல்லிவிடுவது என்று டைரக்டர் அறைக்குள் போனார்.

“சார், அந்த என்சைம்...”

“அதை விடுய்யா. நமக்கு வேண்டியது எலியோடது. ஆர்டர்ல மனுஷன்னு தப்பா டிக் பண்ணிட்டேன்.”

“அப்ப தாயம்மாவ...”

“வேற ஆள் போட்டாச்சே. உனக்கு என்ன வேணும் இப்ப?”

அறை மூலையில் கிடந்த தெர்மாகோல் பெட்டியில் தண்டபாணியின் கண் நின்றது.

“அந்தக் காலிப் பொட்டி சார்” என்றார் தண்டபாணி.

தாயம்மா ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பெட்டியை அவள் முன்னால் வைத்தார்.

“சொன்னியா அண்ணாத்தே?”

“பொட்டி கேட்டியே, எட்த்தாந்தேன்.”

ஐஸைக் கொட்டி, சங்கரா மீனை அடுக்கி, மூடியை வைத்தாள்.

பெட்டி ஒழுகியது.