அம்மாவுக்கு வாங்கிய டியூப்

...இல்லை, இது என் முகம் இல்லை, நெற்றியும் ஒரு கன்னமும் யாரோ அவசரத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போன சுவர், கழுத்து மட்டும்தான் நான், ஐயோ கேசியா, இன்றைக்குப் பார்த்தா இப்படி, இன்னும் சற்று நேரத்தில் சர்ச் மணி அடித்துவிடும், ஆராதனையில் எங்கள் கல்யாண அறிவிப்பை முதல் தடவையாக வாசிக்கப் போகிறார்கள், திருப்பதியிலிருந்து கிளாட்வின் வீட்டார் மொத்தமும் சித்தூருக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், கல்யாணப்பெண் ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு இந்த லட்சணத்தில்... சிரிப்பு வேறு வருகிறது. நேற்று திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடையில் இதே ஃபவுண்டேஷன் கிரீம், இதே கன்னம், தடவிய இடமே தெரியவில்லையே, கடைப்பெண் ரோஜா கூடக் கையைத் தட்டி "பாகுந்தி அக்கா, நல்லாக்கீது, அப்படியே ஒட்டிக்கிச்சி பாரு" என்றாளே, ராத்திரியோடு ராத்திரியாக டியூப் வெளுத்துவிட்டதா, இல்லை, நான் கருத்துவிட்டேனா?

வேறு நாளாக இருந்தால் கழுவிவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு முடியாது, இன்றைக்கு எனக்குப் பரீட்சை. நிச்சயதார்த்தத்துக்கு அம்மா ஏற்பாடு செய்த பியூட்டிஷியன் ருக்மணி அக்கா என்னை வெள்ளைக்காரத் துரைசானி ஆக்குகிறேன் என்று சாம்பல் பூசி உட்கார வைத்தாள், போட்டோவைப் பார்த்துவிட்டு கிளாட்வின் போனில் கேட்டானே, "கேசியா எங்க, இது யாரு?" என்று, அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கல்யாணத்தன்று என் முகம் என் கையால்தான். அம்மாவா விடுவாள்? "சரி, அறிவிப்பு வாசிக்கிற அன்னிக்கு நீயே போட்டுக்கினு வா, நல்லாருந்தா உட்டுடறேன், இல்லன்னா ருக்மணிதான், அப்புறம் மூஞ்சத் தூக்கிக்கினு உக்காராதே." என் அம்மா மேரி சொன்னால் சொன்னதுதான், வீட்டில் என் நைனா பிரகாசமே எதிர்த்துப் பேசமாட்டார். இப்போது இந்த முகத்தோடு வெளியே போனால் அம்மா உடனே ருக்மணி அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிடுவாள், கல்யாண ஆல்பம் முழுக்க அந்தச் சாம்பல் பொம்மைதான், என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் இது யாரு, இது யாரு என்று கேட்கும்...

நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம், யோசி, நேற்று திருப்பதி லேபில் வேலை முடிந்து நேராகக் கடை, காலையில் கிளம்பும்போது போட்ட... பவுடர்! அட முட்டாளே, பவுடர்! நேற்று கன்னத்தில் பவுடர் இருந்தது, கழுத்திலும் இருந்தது, ரோஜா தடவிக் காட்டியது பவுடர் மேலே, இந்த ஷேட் பொருந்தியது எனக்கில்லை, என் பவுடருக்கு, இன்றைக்குக் குளித்த வெறும் முகத்தில் அல்லவா பூசினேன்! எங்கள் சபைப் பெண்களுக்குப் பொட்டு கிடையாது, பூ கிடையாது, அதற்கெல்லாம் சேர்த்து வைத்து பவுடர் உண்டு, ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் மின்விசிறி சுற்றினால் பவுடர் வாசனை பிரசங்க மேடை வரைக்கும் போகும். பவுடர் இல்லாமல் இந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நான் எப்போதாவது பார்த்திருக்கிறேனா? தூங்கி எழுந்தால் குளியல், குளித்தால் பவுடர், அம்மாவே பூசிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள், அவளுக்கு அடுப்படியில் எங்கே நேரம், அவள் வெறும் முகம்தான். கழுவினேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், ஜன்னல் பக்கம் திரும்பினேன்... ஓ, நீதானா, வணக்கம் கேசியா, நல்ல நிறமாகத்தானே இருக்கிறாய்! அழகு என்றுகூடச் சொல்லலாம், யாரும் பக்கத்தில் இல்லை, சொல்லிக்கொள்கிறேன், அழகு. சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பூசுவதற்கு? வேறு என்ன இருக்கிறது, அம்மாவுக்கு வாங்கியதுதான் இருக்கிறது, கல்யாணத்துக்கு அவளும் கொஞ்சம் போடட்டுமே என்று வாங்கியது, மலிவு டியூப்தானே என்று இரண்டாக எடுத்தேன், "அம்மா எந்தக் கலர்க்கா?" என்று ரோஜா கேட்டதும் கொஞ்சம்கூட யோசிக்காமல் "என்னவிட நல்லாவே கருப்பு" என்றேனே, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், பொண்ணு அப்பா பிரகாசம் கலர், அம்மா மாதிரி இல்லை, தப்பிச்சிது... சரி, ஒரு பொட்டு தொட்டுப் பார்த்தால் என்ன, நெற்றியில் ஒன்று, மூக்கில், கன்னத்தில், தாடையில், ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும், காதோரம், கழுத்து வரை... எங்கே போனது? காணோம். பருத் தழும்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையமும் இல்லை, நான் மட்டும் இருக்கிறேன்.

"இன்னாடி, கதவ சாத்திக்கினு இன்னா பண்றே, நைனா வண்டிய எட்த்துட்டாரு," அம்மா உள்ளே வந்தாள், பார்த்தாள், "இன்னும் ஒண்ணுமே போட்டுக்கலியா?" என்றாள். அல்லேலூயா! கட்டிப் பிடித்துச் சுற்றினேன், "போட்டாச்சும்மா, போட்டாச்சு!" விரலால் என் கன்னத்தைத் தொட்டு, விரலைப் பார்த்து, மறுபடி கன்னத்தைப் பார்த்து, "அட, ஆமா... நல்லாத்தான் கீது போ, ருக்மணிகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன்! விடுவேனா, பிடித்து உட்கார வைத்து அவள் கன்னத்திலும் ஒற்றினேன், வேண்டாம் வேண்டாம் என்றவள் கண்ணை மூடிக்கொண்டாள், அங்கேயும் காணோம், அப்படியே கலந்துவிட்டது. கண்ணைத் திறந்து டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எனுக்கு வாங்கனதா, உனுக்கு வாங்கனதா?" "உனுக்குத்தாம்மா." டியூபை மூடி வைத்தாள். மணி அடித்தது. அவள் கை பழக்கத்தில் பவுடர் டப்பாவுக்குப் போனது, உள்ளங்கையில் கொட்டி என் முகத்தருகே கொண்டுவந்தாள், கண்ணாடியில் இரண்டு முகத்தையும் பார்த்தாள், கை அப்படியே நின்றது. பிறகு ஜன்னலுக்கு வெளியே நீட்டி உதறிவிட்டு, "வா, நேரமாச்சி" என்று முன்னால் நடந்தாள், நானும் சிரித்துக்கொண்டே படி இறங்குகிறேன், கொஞ்ச நேரத்தில் பிரகாசம் மேரி இவர்களின் குமாரத்தி கேசியா என்று வாசிப்பார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்... ஆனால் இத்தனை வருஷமும் காலையில் அம்மா அவ்வளவு அக்கறையாக மூடி அனுப்பியது என் நிறத்தையா, அவள் நிறத்தையா?