வலது மேலே

அப்பா இறந்தது மார்ச் மாதம், சென்னையில். விஷாகாவுக்கு அமெரிக்காவில், சன்னிவேலில் செய்தி வந்து, டிக்கெட் தேடி முடிப்பதற்குள் தகனம் ஆகிவிட்டது. கல்யாணமான பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டு. நாலாம் நாள் தலைக்குக் குளித்தாள். கணவன் ஸ்ரேயஸ் காப்பி போட்டுக் கொடுத்து, "உனக்கு முடிஞ்சுடுத்தும்மா" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி கிளறிக்கொண்டே அண்ணாவுக்கு போன் போட்டாள்.

"எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகையே கிடையாதே. உனக்கென்னடி, நீ வேறாத்துப் பொண்ணு. ஜோரா பண்ணு" என்றான் அண்ணா.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். அண்ணாவின் மேல் பொறாமையாக இருந்தது. பண்டிகைக்காகப் பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். பண்டிகை இல்லாமல் இருப்பதற்காக யாராவது பொறாமைப்பட்டதுண்டா? அண்ணா வீட்டில் ஒரு வருஷம் முழுக்க அப்பா இல்லாமல் இருப்பார். இவள் வீட்டில் அவர் மூன்று நாளில் இல்லாமல் போய்விட்டார். இதை ஸ்ரேயஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பச்சடியைப் பரிமாறினாள்.

ஜூலையில், எதிர் அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் எமி தங்கள் ஜப்பானிய பௌத்தக் கோயில் விழாவுக்குக் கூப்பிட்டாள். ஓபோன் என்று பெயர். கார் நிறுத்துமிடத்தில் காகித விளக்குகள் கட்டி, எல்லோரும் வட்டமாக ஆடுவார்களாம். விஷாகாவுக்கும் ஆட ஆசை இருக்கிறதென்று எப்படியோ கண்டுபிடித்து, தன்னுடைய யுகாதா ஒன்றையும் இரவல் கொடுத்தாள். நீலப் பூப்போட்ட பருத்தி அங்கி.

"வெஜ் ஏதாவது இருக்குமா?" என்றான் ஸ்ரேயஸ்.

"சுட்ட சோளம் இருக்காம்."

"அப்ப சரி. நான் drive பண்றேன்."

கோயிலின் பக்கத்து அறையில் விஷாகா யுகாதாவை உடுத்திக்கொண்டாள். கை பழகியபடியே போயிற்று. தாவணியைப் போல வலது ஓரத்தை மார்பின் குறுக்கே இடப்பக்கம் இழுத்து, மேலே கச்சையைக் கட்டினாள். கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே வந்த எமி, "நோ நோ நோ!" என்று ஓடிவந்து கச்சையை அவிழ்த்தாள். இடது ஓரம்தான் மேலே வரவேண்டுமாம். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

விஷாகா அங்கியின் இரண்டு ஓரங்களையும் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பயந்துவிட்டாளோ என்று எமி மன்னிப்புக் கேட்டாள்.

"இல்லை. எங்கப்பாவுக்கு யார் வேட்டி கட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன்" என்றாள் விஷாகா. ஆங்கிலத்தில் அது விசித்திரமாக ஒலித்தது.

அப்பா எப்போது போனார் என்று எமி கேட்டாள். மார்ச்சில் என்றாள். அப்படியானால் இது உனக்கு முதல் ஓபோன் அல்லவா, ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டாள் எமி. இறந்தவர்களை நினைத்துத்தான் இந்த விழாவே. அதிலும் முதல் வருஷத்துக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் போய் சாம்பிராணி போடுவார்கள்.

"நான் கல்யாணமான பெண். என்னுடைய மூன்று நாள் முடிந்துவிட்டது."

"ஆபீஸ் லீவா?"

விஷாகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது முகம் நனைந்தது. எமி இடது ஓரத்தை மேலே கொண்டுவந்து, நெஞ்சின்மேல் உள்ளங்கையால் நீவி, கச்சையை இறுக்கிக் கட்டினாள்.

"இங்கே மகளும் போடலாம்" என்றாள்.

சந்நிதியில் முன்னால் நின்றவர்கள் செய்ததைப் பார்த்து, ஒரு சிட்டிகைத் தூளை எடுத்துத் தணலில் போட்டாள். புகை கண்ணில் பட்டது. "அனந்தராமன்" என்று வாய்க்குள் சொன்னாள். அப்பாவின் பெயரை அவள் அதுவரை சொன்னதெல்லாம் ஏதாவது கவுன்ட்டரில்தான்.

வெளியே ஸ்ரேயஸ் சோளக்கதிரோடு நின்றிருந்தான். அவள் கண்களைப் பார்த்துவிட்டுக் கடிப்பதை நிறுத்தினான்.

"என்னாச்சு?"

"இந்த தீபாவளிக்கு நான் ஒண்ணும் பண்ணப் போறதில்லை."

"ஏன், உனக்குத்தான்..."

"தெரியும். ஆனாலும் பண்ணலை. அடுத்த மார்ச் வரைக்கும்."

அவன் சோளக்கதிரைக் கீழே இறக்கினான்.

"பட்சணமும் கிடையாதா?"

"கிடையாது."

"சரி" என்றான். பிறகு மெதுவாக, "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

மேளம் தொடங்கியது. வட்டத்தில் எமி தனக்குப் பக்கத்தில் இடம் விட்டுக் கை காட்டினாள். விஷாகா மார்பின்மேல் துணியைத் தொட்டுப் பார்த்தாள். இடதுதான் மேலே இருந்தது. ஆடப் போனாள்.