முனியாண்டி கோயில் அண்டா

கறியை எங்கே வாங்குவது என்பதில்தான் எல்லாரும் கவனமாக இருந்தார்கள். அண்டாவைப் பற்றி ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

பரஞ்சோதி, சிடாம் கிரி ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசை என்றால் சமையலும் அவர்தான். அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும், தோள்வலிக்குத் தைலம்கூடத் தடவாமல், கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனார். அவரும் மனைவி பிரேமாவதியும் ஆளுக்கொரு காதைப் பிடித்துப் பெரிய அண்டாவை வெளியே இழுத்தார்கள். மறுநாள் அதில்தான் பிரியாணி ஆக்கப்போகிறார்கள். கூப்பன் எல்லாம் விற்றாகிவிட்டது. தோட்டத்து ஜனம் மட்டுமில்லை, பக்கத்து ஊரான திகாம் பத்துவில், சுராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடத்தில் தொழுகிற மலாய்க்காரர்களும் வாங்கியிருந்தார்கள். அதனால்தான் கறியை நல்ல முஸ்லிம் கடையாகப் பார்த்துச் சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்தப் பிரியாணி யாருக்காக என்று சொல்ல வேண்டும்.

அபூபக்கர் பாய்க்குத் திகாம் பத்துவில் சாப்பாட்டுக் கடை. ஒரே பிள்ளை ஃபிரோஸ். கடல் தாண்டி ஓர் ஊரில் பழத்தோட்ட வேலைக்குப் போனவன், ஒரு வெள்ளிக்கிழமை மற்றவர்களோடு தொழுகைக்குப் போனான். துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிவாசலுக்குள் புகுந்தான். நெற்றி தரையில் படக் குனிந்திருந்தவர்களில் நிறைய பேர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. ஃபிரோஸும் எழுந்திருக்கவில்லை. பாய் பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்புவதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெற்றவர் போனில்தான் பார்த்தார். அன்றைக்கு இறக்கிய கடைக் கதவை இன்னும் ஏற்றவில்லை.

கோயில் தலைவர் லோகேஸ்வரன் நாலு பேரோடு துக்கம் விசாரிக்கப் போனபோது, "நாங்க ஏதாச்சும் செய்யணும் பாய்" என்றிருக்கிறார். பாயின் மனைவி ஜரீனாதான் பேசினாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாண்ணே. அங்க கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிற பொம்பளைங்க இருக்காங்க. புருசன் போயிட்டான், ஊரும் அந்நிய ஊரு. போன் பண்ணி என்கிட்ட அழுவுறாங்க. முடிஞ்சா அவங்களுக்கு அனுப்புங்க."

அப்படி வந்ததுதான் பிரியாணி. விற்ற காசு அந்தப் பெண்களுக்குப் போகும்.

லோகேஸ்வரனோடு போன நாலு பேரில் பரஞ்சோதி இல்லை. தோட்டத்தில் பாய் வீட்டுக்குப் போகாத ஒரே ஆள் அவர்தான். வருஷக்கணக்காக வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்ப் பால் விடாத கோப்பி ஓ ஒன்று குடித்தால்தான் அவருக்குப் பொழுது சாயும். ஃபிரோஸ் பள்ளிக்கூடச் சட்டையோடு கல்லாவில் நின்ற காலத்திலிருந்து, இவர் மோட்டார் சத்தம் கேட்டதுமே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். "பரஞ்சோதி மாமா கோப்பி ஓ! சீனி தட்டிக் காட்டுனா போதும்!" இவருக்கு இனிப்புநீர் வியாதி இருப்பது அவனுக்குத் தெரியும். இவர் சில நாள் அதிகம் போடச் சொன்னாலும் போட மாட்டான்.

ரெண்டு தடவை பரஞ்சோதி புறப்பட்டுக் கடை முனை வரைக்கும் போனார். இறங்கிக் கிடந்த கதவைப் பார்த்ததும் மோட்டார் தானாகத் திரும்பிவிட்டது. பெற்றவனிடம் போய் என்னத்தைச் சொல்ல? விதி என்பதா? போனவன் வரப்போறதில்லை என்பதா? குலை வெட்டுகிற வாய்க்கு அதெல்லாம் வராது. போகாமலும் நெஞ்சு கேட்கவில்லை. பிரியாணியாவது தன் கையால் ஆகட்டும், மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பிரேமாவதி தேங்காய் நாரும் சோப்புமாக அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கையை நிறுத்தினாள். அண்டாவுக்குள்ளிருந்தே அவள் குரல் வந்தது.

"ஏங்க. போன ஆடிப் பூசையில இரும்புச் சட்டி ஓட்டையாப் போச்சே."

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப பன்னிய எதுல ஆக்குனீங்க?"

பரஞ்சோதிக்குக் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் நழுவியது.

எப்போதும் முனியாண்டிக்கு ஆடும் சேவலும் இந்த அண்டாவில் வேகும். காவல் சாமிக்கு வெட்டுகிற பன்றி தனியாக இரும்புச் சட்டியில். போன ஆடியில் அந்தச் சட்டியின் அடி விட்டுப்போய், நெருப்பெல்லாம் அணைந்து, ஜனம் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவசரத்தில் இந்த அண்டாவில் கொட்டித்தான் ஆக்கினார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள், எல்லாரும் மறந்தார்கள்.

லோகேஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவர் அண்டாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வாடகைக்கு வேற அண்டா எடுத்துரலாம் லா."

"கேட்டுட்டேன். நாளைக்கு சுங்கை பட்டாணி டவுன் முழுக்கக் கல்யாணம். ஒரு அண்டா சும்மா இல்ல" என்றார் பரஞ்சோதி.

"சரி, நல்லா வெளக்கிட்டு ஆக்குங்க. வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எத்தன ஆடு இதுல வெந்திருச்சு! யாருக்குத் தெரியப்போவுது? நம்ம மூணு பேருக்குத்தான் ஞாபகம்."

"முனியாண்டிய சேத்தா நாலு."

"வெளையாடாதீங்கண்ணே. கூப்பன் வித்தாச்சு. இப்பப் போயி சாப்பாடு இல்லன்னா, கோயில்காரனுங்க ஏமாத்திட்டானுங்கன்னு பேரு வரும்."

"அந்தப் புள்ளைங்க தொழுவுற எடத்துல செத்துச்சுங்க, லோகேசு. அதுங்க பேர சொல்லி, அதுங்க தொடாத சட்டியில ஆக்கி, தெரியாதவன் வாயில வைக்கிறதா? எனக்குக் கரண்டி ஓடாது."

லோகேஸ்வரன் அண்டாவின் விளிம்பில் சாய்ந்துகொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். வீடு வீடாக ஏறி இறங்கிக் கூப்பன் விற்ற அலுப்பு.

"நான் போயி பாய்கிட்டயே கேட்டுட்டு வாரேன்" என்றார் பரஞ்சோதி.

பிரேமாவதி அண்டாவிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். நெற்றியில் சோப்பு நுரை.

"இத்தன நாளா அந்த வாசப்படி மிதிக்காத மனுஷன். இப்பப் போயி பன்னிக் கதையா சொல்லப் போறீங்க?"

பரஞ்சோதி மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்.

பாய் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடியில் நரை கூடியிருந்தது. பரஞ்சோதியைக் கண்டதும் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. ஜரீனா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

பரஞ்சோதி தண்ணீர் குடித்தார். மழை இல்லை என்றார். குலை விலை இறங்கிவிட்டது என்றார். தண்ணீர் தீர்ந்துபோன குவளையை இன்னொரு தடவை வாயில் கவிழ்த்தார். பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேச்சு தீர்ந்துபோய், எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாய், அண்டாவுல பன்னி வெந்திருச்சு."

பாய் அவரையே பார்த்தார்.

"எந்த அண்டா?"

பரஞ்சோதி மூச்சு விடாமல் சொன்னார். ஆடிப் பூசை, ஓட்டைச் சட்டி, பிரேமாவதி கண்டுபிடித்தது, கல்யாண சீசன், எல்லாம். சொல்லி முடித்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

"ஏன்டா" என்றார் பாய். "அவன் போனதுலேர்ந்து ஊரே வந்து ஒக்காந்து எந்திரிச்சிட்டுப் போச்சு. எப்ப வருவ, எப்ப வருவன்னு பாத்துக்கிட்டிருந்தா, துக்கம் கேக்க வந்தவன் வாயில மொத வார்த்தையே பன்னியாடா?"

கதவோரம் ஏதோ சத்தம். ஜரீனா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பதறி பரஞ்சோதி எழுந்துவிட்டார். இல்லை, சிரிப்புத்தான். பாய்க்கும் தொற்றிக்கொண்டது. அது சிரிப்பாகத் தொடங்கி எங்கேயோ பாதியில் வேறாக மாறி, அவர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொள்ளும் வரைக்கும் போனது. பரஞ்சோதி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து பாய் முகத்தைத் துடைத்தார்.

"எங்கிட்ட இருக்கிறதெல்லாம் கறிச்சட்டி. அவ்வளவு அரிசி தாங்காது. அந்த அண்டாவையே சமாக் பண்ணணும்."

"அப்படின்னா?"

"மொதல்ல எண்ணெப் பிசுக்கு போவத் தேச்சு எடுக்கணும். பொறவு ஏழு தடவ தண்ணி ஊத்தணும். அதுல ஒரு தடவ மண்ணு கலந்த தண்ணி."

"அட, நாங்க எப்பவுமே மண்ணு போட்டுத்தான பாய் வெளக்குறோம்! அப்ப சுத்தம்தானே?"

"ஒன் தோட்டத்து நாயெல்லாம் படுத்துப் பொரள்ற மண்ணுல வெளக்கிட்டு சுத்தங்குறியா? சுத்தமான மண்ணு வேணும்டா. முறை இருக்கு."

"எனக்குத் தெரியாது பாய். நீங்க சொல்லுங்க, நான் எழுதாம மனசுலயே வச்சிக்கிறேன்."

"இவர் சொல்லி நீங்க செஞ்சு வெளங்குனாப்புலதான்" என்று ஜரீனா உள்ளே போய்ப் பாயின் தொப்பியையும் மோட்டார் தலைக்கவசத்தையும் எடுத்து வந்தாள். "கூட்டிட்டுப் போங்கண்ணே. இந்த நாக்காலியவிட்டு எந்திரிக்கட்டும்."

பாய் மறுப்பார் என்றுதான் பரஞ்சோதி நினைத்தார். அவர் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

சுத்தமான மண் தேடுவது லேசான வேலையாக இல்லை. கோயில் பக்கம் நாய்கள். வீட்டு வரிசைப் பக்கமும் நாய்கள். லோகேஸ்வரனின் கருப்பு நாய், ஏதோ விசேஷம் என்று நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. "போ சனியனே, ஒன்னாலதான் இவ்வளவு பாடும்" என்று பிரேமாவதி துரத்தினாள். "பன்னி ஆக்குனது நீங்க, ஏச்சு எந்நாய்க்கா?" என்றார் லோகேஸ்வரன். கடைசியில் செம்பனைச் சரிவில் ஏறி, மேல்மண்ணை ஒதுக்கி, பரஞ்சோதி முழங்கை ஆழம் தோண்டினார். ஈரமான செம்மண் வந்தது. பாய் குனிந்து பார்த்து, இது போதும் என்றார்.

அண்டாவைக் குழாயடியில் சாய்த்து வைத்தார்கள். வாளியில் தண்ணீர் பிடித்தார்கள். மண்ணை வாளியில் போடுவதற்காக பாய் ஒரு பிடி அள்ளினார். அள்ளிய கை வாளிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

என்ன என்று லோகேஸ்வரன் கேட்க வந்தார். பிரேமாவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"மூணு பிடி போடணும், பரஞ்சோதி" என்றார் பாய். "எங்கள்ல, குழியில வச்சதும், மூணு பிடி மண்ணு போடணும். வந்தவன் போனவனெல்லாம் போடுவான். பெத்தவன் நான் போடல. யாரு போட்டாங்கன்னுகூடத் தெரியல."

இத்தனை நாள் எந்த வார்த்தை வராது என்று பயந்து அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தாரோ, அந்த வார்த்தை இப்போதும் பரஞ்சோதியிடம் இல்லை. வாளி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போடுங்க பாய்" என்றார். "நான் புடிச்சிருக்கேன்."

பாய் உதடு அசைந்தது. முதல் பிடியைப் போட்டார். இரண்டாவது. மூன்றாவதைப் போட்டுவிட்டு உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் வாளித் தண்ணீரிலேயே அலசினார். அப்புறம் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி, "ம், தூக்கு. காது மடிப்புல எல்லாம் படணும். மூடியையும் கொண்டா. கரண்டி எங்க? கரண்டியும் பன்னியிலதான கெடந்துச்சு?" என்று அதட்ட ஆரம்பித்தார். செம்மண் தண்ணீர் அண்டா முழுக்க வழிந்து ஓடியது. அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் பரஞ்சோதி ஊற்ற, பாய் உருட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பிரியாணியும் பாய்தான் ஆக்கினார். பரஞ்சோதி வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து, "என்னடா இது, குலை வெட்டுற மாதிரி வெட்டுற" என்றார். அரிசி அளவுக்கும் ஏச்சு, நெருப்புக்கும் ஏச்சு. பரஞ்சோதி அத்தனையையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். சுராவ் ஆட்கள் கூப்பனோடு வந்தபோது லோகேஸ்வரன் கொஞ்சம் பின்வாங்கி நின்றார். பாய் முன்னால் போய், அண்டாவின் கதையை ஒளிக்காமல் மலாயில் சொன்னார். "என் கையால சமாக் பண்ணினேன். சாப்பிடலாம்" என்றார். பெரியவர் ஒருத்தர் பாயைக் கட்டிக்கொண்டார். பிறகு பொட்டலம் வாங்க வரிசையில் நின்றார். பிற்பகலுக்குள் அண்டாவின் அடி தெரிந்துவிட்டது. ஜரீனா கடல் தாண்டி இருந்த அந்தப் பெண்களுக்குப் போன் போட்டு, காலியான அண்டாவைப் படத்தில் காட்டினாள்.

அண்டாவைத் திரும்பக் கொட்டகையில் வைக்கும்போது லோகேஸ்வரனுக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, அடுத்த ஆடிக்கு என்ன பண்றது? இரும்புச் சட்டி இன்னும் ஓட்டையாத்தான் கெடக்கு."

"புதுச் சட்டி வாங்கு" என்றாள் பிரேமாவதி. "இதுல இனி பன்னி ஏறுனா, உன்னையத்தான் ஏழு தடவ கழுவணும்."

திங்கட்கிழமை வேலை முடிந்து பரஞ்சோதி மோட்டாரைத் திகாம் பத்துப் பக்கம் விட்டார். கடைக் கதவு பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனார். நாற்காலிகள் இன்னும் மேசைமேல் கவிழ்ந்தே இருந்தன. ஒரு மேசை மட்டும் துடைத்திருந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை. பாயே கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

பரஞ்சோதி ஒரு வாய் குடித்தார். பாகு மாதிரி இனித்தது. சீனிக் கணக்கெல்லாம் மகனுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது?

"சரியா இருக்கா?" என்று கேட்டார் பாய்.

"இருக்கு பாய்" என்றார் பரஞ்சோதி. இன்னொரு வாய் குடித்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க" என்றார்.