அப்பா அவுட் ஆஃப் ஸ்டேஷன்

...சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, இன்றைக்கு எது வேண்டுமானாலும் உளறலாம், அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று உக்கிரபாண்டி தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றான், இந்த வகுப்பில் எந்த நாடகமும் அந்தக் கேள்வியில்தான் போய் விழுகிறது, போன வாரம் விமான நிலைய அதிகாரியாக நடித்த, கூடப் படிக்கும் கமலவல்லி மாமி பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கும் முன்பே டிட் யூ ஈட் என்று கேட்க, பயணியாக நின்ற இவனும் விசாவை மறந்து எஸ், ஃபோர் இட்லி என்றான்... மாமி மேல் குற்றமில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம், சுவரெல்லாம் சாம்பார் வாசனை, வாயில் வேறு என்ன வரும். சொந்த ஊர் ராஜபாளையத்திலும் இந்த மாதிரி வகுப்பெல்லாம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பதினாறு வருடமாகப் பேக்கிங் சூப்பர்வைசர், வயது நாற்பத்து நான்கு, பெயர் வேறு உக்கிரபாண்டி, அப்பேர்ப்பட்ட ஆள் ஏ ஃபார் ஆப்பிளுக்கு மாடிப்படி ஏறுவதை ஒருத்தன் பார்த்தால் போதாதா, அதனால் லோடு ஏற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாரம் மூன்று மாலை பஸ் ஏறி இங்கே வந்து பயணியாகவும் திருடனாகவும்... எல்லாம் மாரிச்செல்விக்காக, பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள், பெற்றோர் கூட்டத்துக்கு நீ வேணாம்ப்பா, அம்மா வரட்டும் என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னவள். ஏன் வேண்டாம்? அங்கே டீச்சர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், அப்பன் முழிப்பான், வேறென்ன. அவள் அம்மாவுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமாக்கும் என்று ஒரு கேள்வி அப்போதே எட்டிப் பார்த்தது, இவன்தான் அதை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

“ஸ்கூல் மீட்டிங்குக்குத்தான படிக்கிறீக, அதையே போடுவோம்,” என்றான் ஆல்வின், மெட்ராஸில் நாடகம் போட்டுவிட்டு இங்கே வந்து இங்கிலீஷ் வாத்தியார் ஆனவன். “மாமிதான் டீச்சர். அண்ணே, நீங்க மகளா நில்லுங்க.” மகளா? “அப்பாவா நின்னா நீங்க நீங்களாவேல்ல நிப்பீக.” அதுவும் சரிதான், மறுக்கவும் முடியாது, இங்கே விதியே அதுதான், எதிராளி என்ன சொன்னாலும் ஒத்துக்கொள், ஒத்துக்கொண்டு அதன் மேல் ஒன்று சேர். உக்கிரபாண்டி இல்லாத சடையை எடுத்து முன்னால் போட்டான், கூடம் சிரித்தது, அந்தச் சத்தம் எப்போதும் போல நெஞ்சுக்கு இதமாக இருந்தது. வேர் ஈஸ் யுவர் ஃபாதர் என்றார் மாமி, மை ஃபாதர் ஈஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்றான் இவன், எங்கும் நிற்கவில்லை, தடுக்கவில்லை, மூன்று மாதத்தில் முழுசாக வந்த முதல் இங்கிலீஷ், இதை எங்கே படித்தோம்... இதைத்தான் மாரிச்செல்வியும் அவள் டீச்சரிடம் சொல்லியிருப்பாளோ? மாமியோ விதியை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டார். யெஸ், ஹீ ஈஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன், அண்ட் யூ ஆர் ஹேப்பி. ஒத்துக்கொள்ள வேண்டும். எஸ், ஐயாம் ஹேப்பி. சரி, மேலே ஒன்று, ஏன் ஹேப்பி, தமிழ் என்றால் இந்நேரம் நாலு ஜோக் வந்து வாசலில் நின்றிருக்கும், இங்கிலீஷில் இவனுக்கு ஜோக்கே கிடையாது, உள்ளே தேடினால் போன வருடக் கூட்டம்தான் கிடக்கிறது, வரிசையாகப் பெற்றோர், வீட்டில் எப்படிப் படிக்கிறாள் என்று டீச்சர் தமிழில்தான் கேட்டார், ஆமாம், தமிழில்தான், இவன் சொன்னான், “இவ கத்திப் படிக்கிறதக் கேட்டு எங்க வீட்டு நாயே பாஸாயிரும் டீச்சர், இவதான் டவுட்டு.” எம்புட்டுச் சிரிப்பு, டீச்சர், பின் பெஞ்சுப் பையன்கள், எல்லோரும்... மாரிச்செல்வி மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள், கட்டி முடித்த லேஸைத் திரும்ப அவிழ்த்துக் கட்டினாள், வெட்கம் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் சத்தம் போட்டுப் படித்து இவன் கேட்டிருக்கிறானா? “சேருங்கண்ணே, ஒண்ணு சேருங்க.” பிகாஸ், என்றான். ஃபாதர் கம்... எவ்ரிபடி லாஃப். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“நன்னா நடிச்சேள், பொண்ணாவே நின்னேள்,” என்றார் மாமி படியிறங்கும்போது, இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “எதாவது சாப்டுட்டு பஸ் ஏறுங்கோ” என்றும் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்துப் பார்த்தான், பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு ஜோக், அம்புட்டுத்தான்... போன் அடித்தது, மகள்தான்.

“ஏப்பா, எங்க இருக்க? லோடு ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சு. வாரேன்.”

“சனிக்கிழமை மீட்டிங்குக்கு அம்மா வாரேன்னுட்டா. பேர் எழுதிக் குடுக்கணும். அம்மான்னே போட்டுரட்டாப்பா?”

நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அப்போ நாய்க்கு யார் கையெழுத்துப் போடுவா என்று, ரெடிமேடாக, மடித்துப் பேக் செய்து... உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டான். அந்த ஜோக்கை எடுத்துவிட்டால் கீழே வேறு ஏதாவது பேச்சு இருக்கும் என்று நினைத்தான், அட்டைப்பெட்டி காலியாகத்தான் இருந்தது. நாற்பத்து நான்கு வருடமாக இதை வைத்துக்கொண்டா பேசினோம்?

“சரி, அம்மான்னே போடு,” என்றான். ஒத்துக்கொண்டாயிற்று. ராஜபாளையம் பஸ் வந்து நின்றது, ஏறினார்கள், கிளம்பிப் போனது, இவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றான், இனி அதன் மேல் ஒன்று சேர்க்க வேண்டும்.

“பொறவு?” என்றாள் மாரிச்செல்வி, சிரிக்கத் தயாராகாத குரலில்.