இருபத்துநாலு மடங்கு முயல்

வீரராகவனுக்குக் கண் மங்கிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. இது ஊருக்குத் தெரியும். ஊர் நாய்களுக்குத் தெரியும், அவன் வருகிறான் என்றால் மிதிபடாமல் இருக்க அவையே எழுந்து வழிவிடும். ரோலிங் மில் வேலைக்கு வந்த பீகார்ப் பையன்களுக்குக்கூட வந்து இறங்கின வாரமே தெரிந்துவிட்டது. தெரியாதவன் அவன் ஒருத்தன்தான். கேட்டால், "எங்க வம்சத்துக்குப் பருந்துக் கண்ணு" என்பான், மணிலாக்கொட்டை என்று நினைத்து வண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே.

கண்ணாடி போட்டுத் தொலைக்கலாமே என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது வேடிக்கை.

புதுவாயலுக்கு மேற்கே எங்கள் ஊர். ஊரைச் சுற்றி இரும்பு உருக்குகிற கம்பெனிகள் வந்து, நெல் வயலெல்லாம் காம்பவுண்டுச் சுவரான பிறகும், காணும் பொங்கலன்று பாரிவேட்டை மட்டும் நிற்கவில்லை. பெருமாள் மரக்குதிரை மேல் ஏறி ஏரிக்கரைக்கு வேட்டைக்கு வருவார். அந்தக் காலத்தில் நிஜ முயலைச் சுட்டார்கள். வனத்துறைக்காரர்கள் வந்து முறைத்த பிறகு, மண்ணில் முயல் செய்து சூளையில் வேகவைத்து, பனைமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வீரராகவன் குடும்பத்தில் மூத்தவன் அதைச் சுட்டு உடைக்கவேண்டும். உடைத்தால் தலையில் பரிவட்டம், பெருமாளுக்குச் சாத்தின வெள்ளைத் துணி. அப்புறம் வருஷம் முழுக்கக் கோயிலில் முதல் மாலை, முதல் தீர்த்தம், முதல் சுண்டல். மூன்று தடவை சுட்டும் உடைக்காவிட்டால் மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

பங்காளி பூவராகவன், கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். வருஷா வருஷம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இலையில் உட்கார்ந்து சோறு வராதவன் மாதிரிப் பனைமரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

இந்தப் பூவராகவனுடைய அப்பா ஒரு காலத்தில் உரிமை கொண்டாடி வந்தபோது, வீரராகவனுடைய அப்பா ஊர்க்கூட்டத்தில் ஒரு சட்டம் போட்டார்: "கண்ணுல கண்ணாடி போட்டவன் பாரிவேட்டையில துப்பாக்கி தொடக்கூடாது." பூவராகவன் அப்பா சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். அதோடு வாயை மூடிக்கொண்டார். அப்பன் அடுத்தவனுக்குத் தோண்டிய குழியில் மகன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடி போட்டால் பரிவட்டம் போச்சு. போடாவிட்டால் முயல் தெரியாது. இத்தனை வருஷமும் குருட்டாம்போக்கில் மூன்றாவது குண்டு பட்டுத் தப்பித்துவந்தான்.

2008 பொங்கலுக்கு முன் மார்கழியில் வீரராகவன் என்னைக் கூப்பிட்டான். நான் மில்லில் டைம் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவன். காலையில் பேப்பர் படித்து முடித்தால் ராத்திரி வரை எனக்குச் சோலி இல்லை.

"புதுவாயல் வரைக்கும் வா. பாய் கடையில ஒரு வேலை கீது."

ஏர் ரைபிளைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தான். தாத்தா காலத்து நிஜத் துப்பாக்கி தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனுக்குப் போனது, திரும்பி வரவில்லை. இது லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய, காக்காய்கூட மதிக்காத ரகம். அதன் முதுகில் பர்மா பஜாரில் வாங்கின குறிபார்க்கிற தொலைநோக்கி. நாலு மடங்கு பெரிதாகக் காட்டும்.

புதுவாயல் கூட்ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் பழவேற்காட்டுக்காரர். கோணியைப் பிரித்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"இன்னாண்ணே, காலங்காத்தால கொள்ளையா? நாஷ்டாகூட இன்னும் துன்னல."

"இது நாலு மடங்கு காட்டுது பாய். பத்தல. மேல லென்ஸ் போட்டு ஏத்திக் குடு."

ஜப்பார் எழுந்து வந்து, டார்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்துப் பார்த்தார். "அண்ணே, கோளாறு துப்பாக்கில இல்ல. ரெண்டு கண்ணுலயும் பொரை உழுந்து தயிரு மாதிரி கீது. திருவள்ளூர்ல கேம்ப் போடறாங்க. அரை மணி நேர வேலை. பொரைய எடுத்துட்டு உள்ளயே லென்ஸ் வச்சிடுவாங்க."

"அந்த லென்ஸு இன்னாவாம்? கண்ணாடிதானே? கண்ணுக்கு வெளிய இருந்தா இன்னா, உள்ள இருந்தா இன்னா? பூவராகவன் சும்மா இருப்பானா?"

"அப்போ இது மட்டும் கண்ணாடி இல்லியா?"

வீரராகவன் சிரித்தான் பாருங்கள், ஐகோர்ட்டில் கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி. "எங்க நைனா போட்ட சட்டம் இன்னா? கண்ணுல கண்ணாடி கூடாது. துப்பாக்கில கூடாதுன்னு எவன் சொன்னான்?"

ஜப்பார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி வியாபாரம் என்று அவர் முடிவு செய்தது முகத்திலேயே தெரிந்தது.

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க வந்த யாரோ உடைத்துப் போட்ட பைனாகுலரில் பாதியை எடுத்தார். போர்வெல் பைப் துண்டு ஒன்றில் அதைச் செருகித் தொலைநோக்கியின் பின்பக்கம் மாட்டி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். நாலு ரெண்டு எட்டு. வீரராகவனுக்கு அதுவும் பத்தவில்லை. சிப்காட் பக்கத்து ஸ்கிராப் கடையில் செத்த ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றைக் கிழித்து ஒரு லென்ஸ் கொண்டுவந்தான். அதை மாட்டினதும் பனைமரம் தலைகீழாகத் தொங்கியது. அதை நிமிர்த்த இன்னொரு லென்ஸ். எட்டு மூணு இருபத்துநாலு! குழாய் நீண்டுகொண்டே போய், கடைசியில் துப்பாக்கி எங்கே என்று தேடவேண்டிய நிலைமை. துப்பாக்கிக்குத் தொலைநோக்கி மாட்டினதாகத் தெரியவில்லை. ஊதாத நாதஸ்வரத்துக்குத் துப்பாக்கி மாட்டின மாதிரி இருந்தது.

வீட்டு மாடியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். ஒற்றைக் காசு அகலத்துக்கு வெளிச்சம், அதுவும் சாயங்காலம் ஆறரை மணி வெளிச்சம். நான் மூச்சு விட்டால் உலகம் ஏறி இறங்கியது. என் நாடி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் பூகம்பத்தில் மாட்டினது மாதிரிக் குதித்தது. மில் புகையும் இருபத்துநாலு மடங்கு.

"எப்படி?" என்றான்.

"பிரமாதம். கொசுவுக்குப் பல் தெரியுது," என்றேன். வேறு என்ன சொல்வேன்? பொங்கல் வரைக்கும் எனக்கும் பொழுது போகவேண்டுமே.

அவன் மனைவி அஞ்சம்மாள்தான் மாடிப்படியில் நின்று கத்தினாள். "யோவ், ஊட்டுல கீற எருமை தெரியல, இவுரு முயலு சுடப்போறாரு! கண்ணை ஆப்பரேசன் பண்ணிக்கினு மனுசனா இருய்யா. அந்த மொழத் துணி இல்லாட்டி உன் தலை கழண்டு உழுந்துருமா?"

"உழுந்துரும்டி," என்றான் வீரராகவன். முதல் தடவையாக அவன் குரலில் வீறாப்பு இல்லை. "நெலம் போச்சு, கம்பெனிக்காரன் வாங்கிட்டான். ஊர்ல என்னை எழுந்து கும்புடறது அந்தத் துணிக்குத்தான். அதுவும் போனா நான் யாரு?"

ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷமே அவன் குழாய்க்கு இன்னொரு சுற்று டேப் ஒட்ட ஆரம்பித்துவிட்டான்.

காணும் பொங்கல் சாயங்காலம் ஏரிக்கரையில் தலைக்கடல். பெருமாள் வெள்ளைக் குதிரை மேல் வந்து நின்றார். பனைமரத்தில் மண்முயல், காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வீரராகவன் தன் கருவியோடு வந்ததும் மேளக்காரன் வாசிப்பதை நிறுத்தி, தனக்குப் போட்டியாக வேறு செட் வந்துவிட்டதோ என்று பார்த்தான்.

"சட்டப்படி சரியா இது?" என்றான் பூவராகவன்.

"கண்ணுல கீதா, துப்பாக்கில கீதா?" என்று வீரராகவன் கர்ஜித்தான். கோயில் பட்டர் பெருமாளைப் பார்த்தார். பெருமாள் ஒன்றும் சொல்லாததால் மணி அடித்தார்.

வீரராகவன் குழாயில் கண்ணை வைத்து முயலைத் தேடினான். ஊசித்துளை வழியாக ஊரையே தேடுகிற வேலை. பனையின் அடியில் ஆரம்பித்தான், வானத்துக்குப் போனான், அங்கிருந்து இறங்கி இடதுபக்கம் திரும்பினான். இடதுபக்கம் நின்றது ஊர் ஜனம். துப்பாக்கி தங்களை நோக்கி வந்ததும் அத்தனை பேரும் தரையோடு தரையாக விழுந்தார்கள். வலதுபக்கம் திரும்பினான், அந்தப் பக்கமும் விழுந்தார்கள். தேர் வந்தால்கூடக் குனியாத கவுன்சிலர் அன்று சாஷ்டாங்கமாகக் கிடந்தார். அப்படி ஒரு பக்தியை எங்கள் பெருமாள் ஆயிரம் வருஷத்தில் பார்த்திருக்கமாட்டார்.

முதல் குண்டு ஏரிக்குள் போனது. இரண்டாவது, ஒலிபெருக்கிக் குழாயில் பட்டு 'டணங்' என்றது.

"முயலாடா சத்தம் போட்டுச்சு?" என்று என்னைக் கேட்டான்.

"ஸ்பீக்கர் செட்டு," என்றேன், படுத்தபடியே.

மூன்றாவது குண்டைப் போட்டான். நெற்றியில் வியர்வை. குழாயின் முனை ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. நமக்கே தெரிகிறது என்றால் குழாய்க்குள் எப்படி இருந்திருக்கும்! குழாய் மெல்ல நகர்ந்தது, நகர்ந்தது, சட்டென்று நின்றது.

"சிக்குச்சு," என்று முணுமுணுத்தான். "வெள்ளையா... காது... இம்மாம் பெரிய காது."

முயலுக்குச் செம்மண் நிறம் என்பது எனக்கு ஞாபகம் வருவதற்குள் சுட்டுவிட்டான்.

பட்டது! குறி தப்பவே இல்லை. எதைப் பார்த்தானோ அதன் நடுமத்தியில் பட்டது. பெருமாள் ஏறி வந்த குதிரையின் காதிலிருந்து பச்சரிசி அளவுக்கு ஒரு சில்லு பறந்தது. ஊர் போட்ட கூச்சலுக்குக் குதிரையே துண்டாகியிருக்கவேண்டும்.

"அடிச்சேன்! காதுல அடிச்சேன்!" என்று வீரராகவன் குதித்தான்.

பட்டர் குதிரைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அடிச்சே. பெருமாள் வேட்டைக்கு வந்தார்ப்பா, நீ பெருமாளையே வேட்டையாடப் பார்த்தே. போதும், கொடு அதை."

துப்பாக்கி பூவராகவன் கைக்குப் போனது. அவன் முதலில் செய்த காரியம், ஸ்டோர்கீப்பர் புத்தி, பையிலிருந்து திருப்புளியை எடுத்து அந்தக் குழாய் மொத்தத்தையும் கழற்றி வீரராகவன் கையில் கொடுத்ததுதான். குழாயில்லாத துப்பாக்கியைத் தூக்கினான், வெறும் கண்ணால் பார்த்தான், சுட்டான். முயல் ஓட்டாஞ்சல்லியாகக் கொட்டியது. ரொம்ப நாள் பசிக்காரன், ஒரே கவளம்.

பரிவட்டம் பூவராகவன் தலைக்கு ஏறியது. அவன் முகத்தைப் பார்த்தீர்களானால் வீரராகவனே தேவலை என்பீர்கள். கட்டின மறுநொடியே என்னை 'என்னப்பா' என்று கூப்பிட்டான். அவனைவிட நான் ஏழு வயது மூத்தவன்.

மேளம் கிளம்பியது, பெருமாள் திரும்பினார், ஜனம் பின்னால் போனது. கரையில் நானும் அஞ்சம்மாளும் வீரராகவனும். அவன் கழற்றின குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உடையலடா," என்றான்.

"இன்னாது உடையல?" என்றேன்.

"முயலு. பொய் சொல்லி ஏமாத்திட்டானுங்க. எனக்கு நல்லா தெரியுது. அப்படியே கீது. ரெண்டு காதும் வெள்ளையா, வெடைச்சிக்கினு."

குழாய் நீட்டின திசையில் பார்த்தேன். ஊர்வலத்தில், பெருமாளுக்கு முன்னால், பூவராகவன் தலையில் வெள்ளைப் பரிவட்டம். பட்டர் அவசரத்தில் போட்ட முடிச்சின் இரண்டு நுனியும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன.

"ஆமா, அதேதான்யா உன் முயலு," என்றாள் அஞ்சம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

"போவுது பாரு," என்றான் அவன். குழாயை இறக்கவே இல்லை. மேளத்துக்குப் பின்னால், இருபத்துநாலு மடங்கு பெரிதாக, இரண்டு வெள்ளைக் காதும் ஆட ஆட, முயல் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.