முதல் சத்தம்

வண்டி வெடிக்க மறுத்தது. காலையிலிருந்து மெக்கானிக்கும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிச் சட்டென்று விட்டார். சோக்கை இழுத்து வைத்துக்கொண்டு முறுக்கினார். சைலன்சர் மேல் தெளித்த தண்ணீர் சுரீரென்று ஆவியாகிற அளவுக்கு எஞ்சினைச் சூடேற விட்டு, அதன் பிறகும் முறுக்கினார். வண்டி உறுமியது, இருமியது, கொஞ்சம் கரும்புகை கக்கியது. வெடிச்சத்தம் மட்டும் வரவில்லை.

சைலன்சரில் வெடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. பெட்ரோல் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போக வேண்டும், பிளக்கின் பொறி பட்டு அங்கேயே எரிய வேண்டும், எரிந்து முடிந்த புகை மட்டும் சைலன்சர் வழியாக வெளியேற வேண்டும். இந்த வரிசை கெட்டால்தான் வம்பு. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்த் தேங்கி, நெருப்பு பிறகு அதைத் தேடிப் போனால், அந்த இரும்புக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். தெருமுனை வரை கேட்கும். ஆகவே மெக்கானிக்குக் கேள்வி சின்னதுதான்: பெட்ரோல் எரியாமல் எப்படி அங்கே போனது? கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பிளக் பழுப்பு நிறத்தில், எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அதைப் போன மாதம் மாற்றியதே அவர்தான்.

வண்டி டைல்ஸ்காரனுடையது. பாலத்து இறக்கத்தின் அடியில், போலீஸ் தடுப்புக்கு முன்னால் சுடப்பட்டுச் செத்தவன். அவன் தங்களை நோக்கிச் சுட்டான் என்றது போலீஸ். சோதித்துப் பார்த்தால் அவனிடம் இருந்தவை தரை மட்டம் பார்க்கிற ரசமட்டமும், சிமெண்ட் பூசுகிற கரணையும், சாப்பாட்டு டப்பாவும். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. நிற்கச் சொன்னோம், நிற்காமல் முறுக்கினான், வண்டி துப்பாக்கி போல வெடித்தது, காவலர் ஏமாந்துவிட்டார் என்றார்கள். தெரு ஒரே குரலில் இல்லையென்றது. கேட்டது ஒரே சத்தம், அது போலீஸின் சத்தம். இரண்டாவது கதை முதல் கதைக்குப் போட்ட ஒட்டு.

சுட்ட காவலர் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி.

எனவே பட்டறையில் இப்போது வேலை இல்லை. வருடக்கணக்காக வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடையைத் தாண்டிப் போனார்கள், பஞ்சரான வண்டியைக்கூட. ஷட்டரில் கரியால் 'கொலைகாரன் மாமன்' என்று எழுதியிருந்தது. அவர் அழித்தார். மறுநாள் பெயின்டில் எழுதியிருந்தது. டைல்ஸ்காரனின் அக்கா மட்டும் வந்தாள், அதுவும் வேறு வழியில்லாமல். நாளைக்கு விசாரணை. இந்த வண்டியைத் தொடர்ந்து பார்த்தவர் என்று சாட்சி சொல்ல வேறு ஆள் கிடையாது. கோர்ட்டில் எழுதிக்கொடுத்து வண்டியை மீட்டவள், அதை உருட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"உள்ள கொண்டு போகக் கூடாது. தெருவுலயே பாருங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

முன்பெல்லாம் வாய்க்கு வாய் 'அண்ணே' போடுகிறவள். இப்போது அந்தச் சொல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். சோடாவில் வெளுத்துப்போன கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, அவர் எடுக்கும் ஒவ்வொரு ஸ்பேனரையும் அது திரும்பப் பையில் விழும் வரை பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தெருவும் பார்த்தது. பாலத்தடியில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், கடையை மகளிடம் விட்டுவிட்டு இதற்கென்றே வந்திருந்தார்.

"என்ன மெக்கானிக், மச்சானுக்காக வண்டிக்குத் தொண்டை வச்சுக் கட்டுறீங்களா?" என்றார். "பட்டாசு வாங்கியாரட்டுமா? அதான் சுலபம்."

சிரிப்பு எழுந்தது. மெக்கானிக் தலை நிமிரவில்லை. வெடித்தால் மச்சான் பிழைப்பான். வெடிக்காவிட்டால் தெரு அவரை மறுபடி மனிதனாகச் சேர்த்துக்கொள்ளும். இரண்டும் அவருக்குத் தெரியும். ஆனால் கை பிளக் வயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனதில் இரண்டுமே இல்லை. ஏன் என்று தெரியாத ஒரு வண்டி எதிரே நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான் அவர்.

மதியம் வீட்டுக்குப் போனார். மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே கேள்வி இருந்தது.

"வெடிச்சுதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா, இல்ல தெருவுக்குப் பயந்து பாத்தீங்களா?"

மாடி அறையில் ஒளிந்திருந்த அவள் தம்பி இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தான். சம்பவத்துக்குப் பிறகு தாடி விட்டிருந்தான். தெருவில் அடையாளம் தெரியக்கூடாது என்று. சாப்பாட்டைக் கோழி மாதிரிக் கிளறினான். அவன் சாப்பிடுவதைப் பார்க்க மெக்கானிக்குக் கொஞ்ச நாளாகவே பிடிக்கவில்லை. சாப்பிடாவிட்டாலும் பிடிக்கவில்லை.

"சத்தம் வந்துச்சு மாமா. என் புள்ள மேல சத்தியமா. மொத சத்தம் அவன் பக்கம் இருந்துதான் வந்துச்சு. தெருவே சேந்து பொய் சொல்லுது. நாங்க இல்லன்னா இவனுங்க ஒருத்தன ஒருத்தன் கடிச்சுத் தின்னுருவானுங்க."

"நீங்க இருந்தும்தானேடா ஒருத்தன் செத்தான்?"

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். மெக்கானிக், சண்டையைத் தொடர மனமில்லாமல், வாடிக்கையாளரிடம் கேட்பது போலக் கேட்டார். வண்டியில் கோளாறு என்று வருகிறவர்கள் எப்போதும் தங்கள் முடிவைத்தான் சொல்வார்கள். பிரேக் போயிடுச்சு, செயின் போயிடுச்சு என்பார்கள். அதை ஒதுக்கிவிட்டு, என்ன கேட்டது, என்ன பார்த்தாய் என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும்.

"அவன் முறுக்கினத நீ பாத்தியா?"

"ஏட்டு சொன்னாரு."

"ஏட்டு சொன்னத விடு. நீ என்ன பாத்த?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இருட்டுற நேரம். வண்டி மேலேருந்து வருது. லைட்டு நேரா கண்ணுல அடிக்குது. ஏட்டு, 'வண்டிய ஆஃப் பண்ணுடா'ன்னு கத்துனாரு. லைட்டு போயிருச்சு. ஆனா வண்டி வந்துக்கிட்டே இருக்கு மாமா, கருப்பா. கை எங்க இருக்கு, கையில என்ன இருக்கு, ஒண்ணும் தெரியல. நான் 'லைட்டப் போடுடா, லைட்டப் போடு'ன்னு கத்துனேன். டமார்னுச்சு."

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றது.

"டமார்னப்ப லைட்டு அணைஞ்சு இருந்துச்சா, எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. சத்தமும் லைட்டும் ஒண்ணா வந்துச்சு. ஏன் மாமா?"

"இத வாக்குமூலத்துல சொன்னியா?"

"யாரும் கேக்கல."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். காலையிலிருந்து எல்லாரும் 'முறுக்கினான்' என்று சொன்னதைக் கேட்டு அவரும் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி வேறு வைத்துக்கொண்டு. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் இது எந்தக் காலத்திலும் வராது.

மனைவி வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "என்ன தெரிஞ்சுது? அவன் தப்பிப்பானா?"

"சத்தம் வந்தது நெசம்னு ஆகும்."

"கடவுளே." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் செருப்பை மாட்டாமல் நிற்பதைப் பார்த்து, "அப்புறம் என்ன?" என்றாள்.

"யாரு சொல்லி வந்துச்சுன்னும் ஆகும்."

அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. கணவர் இரவெல்லாம் வண்டிகளைப் பற்றிப் பேசக் கேட்டே பாதி மெக்கானிக் ஆனவள். குரலைத் தாழ்த்தினாள். "மொத பாதிய மட்டும் சொல்லுங்க. மீதிய அவங்க வக்கீலு கண்டுபிடிக்கட்டும்."

"பாதி ரிப்பேர்ல வண்டியக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல."

"என் தம்பி வண்டி இல்ல," என்றாள் அவள், கதவைச் சாத்துவதற்கு முன்.

வெளிச்சம் மங்கும் வரை காத்திருந்து, வண்டியைப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். தெரு பின்னாலேயே வந்தது. இறக்கத்தின் அடியில், தடுப்பு இருந்த இடத்தில் தார் மட்டும் கழுவி வெளுத்திருந்தது. டைல்ஸ்காரனின் அக்காவை அங்கே நிற்கச் சொன்னார். அவள் நகரவில்லை, அந்த இடத்தில் கால் வைக்க முடியாது என்பது போலப் பார்த்தாள். ஸ்பேனர் பையை அவளிடம் நீட்டினார். சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"ஒரு திருப்புளிகூட எங்கிட்ட இல்ல, பாத்துக்கோ. நான் மேலேருந்து வருவேன். இந்த மின்கம்பத்துக்கிட்ட வந்ததும், வண்டிய ஆஃப் பண்ணுன்னு கத்தணும். அது போதும்."

"என்ன நாடகம் இது?"

"அவங்க மொதல்ல கத்துனது அதுதானாம்."

பெட்டிக்கடைக்காரர், "போலீஸ் வீட்டுச் சாப்பாடு வேலை செய்யுது," என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டு தன் கடை ஓரமாகப் போய் நின்றார். அவள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு வெளுத்த தாரின் மேல் போய் நின்றாள்.

எஞ்சின்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமதரையில் அப்படித்தான். கியரைப் போட்டபடி இறக்கத்தில் வரும்போது சக்கரமும் செயின் வழியாக எஞ்சினைச் சுற்றும். அப்போது சாவியை அணைத்தால் பிளக்கில் பொறி நின்றுவிடும். ஆனால் எஞ்சின் நிற்காது. இழுத்துக்கொண்டு போகிற சக்கரம் அதை நிற்க விடாது. சுற்றுகிற எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சி, எரிக்க நெருப்பில்லாமல், அப்படியே பின்னால் தள்ளும். சூடான சைலன்சர் ஒரு பாட்டில் போல அதைச் சேர்த்து வைக்கும். சாவியை மறுபடி திருப்பினால் பொறி வரும். ஹெட்லைட்டுக்கும் அதே சாவிதான்.

மேலே ஒரு விளக்கு திரும்பியது. இறங்கியது. அக்காவுக்குக் கண் கூசியது. கம்பத்தருகே வந்ததும் கத்தினாள். தன் தம்பியின் வண்டியைப் பார்த்துக் கத்துவதால் குரல் பாதியில் பிசிறியது. "வண்டிய ஆஃப் பண்ணு!"

விளக்கு அணைந்தது. வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதற்குப் பிறகு இருட்டு இரண்டு மடங்கு. எஞ்சின் உறுமலும் போய், செயின் ஓடும் சரசரப்பு மட்டும், நேராக அவளை நோக்கி. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. பிரேக் பிடிக்கிறாரா என்று தெரியவில்லை. யாரும் சொல்லித்தராமல், அவள் வாய் தானாகவே கத்தியது.

"லைட்டப் போடு! லைட்டப் போடு!"

டமார் என்றது. பாலத்தடியில் அடைந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. அவள் கை உயர்ந்து முகத்தை மறைத்தது. கையில் இருந்த ஸ்பேனர் பை தரையில் விழுந்து சிதறியது. வண்டி அவளுக்கு முன்னால் மெல்ல வந்து நின்றது. பின்னால், பெட்டிக்கடைக்காரர் கடைப்பலகைக்குக் கீழே குனிந்திருந்தார்.

"ஐயோ, அன்னிக்கும் இதேதான்..." என்றவர், அதன் பிறகுதான் எழுந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். "ஒரே சத்தம்னு எங்கம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே?"

"துப்பாக்கி வச்சிருந்தான்னு சொன்னாங்கம்மா. ரெண்டு சத்தம்னு ஒத்துக்கிட்டா அவங்க பேச்சு நெசமாயிருமேன்னு... நம்ம எல்லாருமே பேசித்தானே..." அவர் சுற்றிலும் பார்த்தார். 'எல்லாரும்' ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள். "சந்தோஷமா? உங்க மச்சான் பொழச்சுட்டான்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் வாய் இன்னும் லேசாகத் திறந்திருந்தது. சற்று முன் கத்திய சொல் அங்கேயே நிற்பது போல. அவள் அணைந்ததையும் எரிந்ததையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. இது கையால் தொட்டுக் காட்டக்கூடிய பாகமில்லை. அவளாக வந்து சேர வேண்டும்.

"ஆஃப் பண்ணுன்னாங்க," என்றாள் மெதுவாக. "பண்ணியிருக்கான்."

"ஆமா."

"லைட்டச் சொன்னது யாரு?"

"எம் மச்சான்."

அவள் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கவில்லை. அவரையும் பொறுக்க விடவில்லை. காலால் ஒன்றைத் தள்ளிவிட்டாள். "நாளைக்கு அங்க, அவன் மூஞ்சிக்கு நேரா, இதச் சொல்வீங்களா? முழுசா? எங்க, இப்ப சொல்லுங்க. எப்படிச் சொல்வீங்கன்னு நான் கேக்கணும்."

ஹெட்லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றித் தெரு கூடி நின்றது. மெக்கானிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கியர்ல இறங்குற வண்டியில சாவிய அணைச்சா லைட்டு போகும், பெட்ரோல் எரியாம சைலன்சர்ல சேரும். சாவிய மறுபடி போட்டா லைட்டு வரும், சேந்தது வெடிக்கும். அணைக்கச் சொன்னாங்க, அணைச்சான். போடச் சொன்னாங்க, போட்டான். வண்டியில ஒரு கோளாறும் இல்ல."