கீழ் டிராயரின் சாவி

மருந்துக்கடையின் லைசென்ஸ் மகள் பெயரில் இருந்தது. கீழ் டிராயரின் சாவி மட்டும் அப்பாவின் இடுப்பில் இருந்தது. கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பகிரங்கமாகத் தொங்கும். ஆணுறைக்கு மட்டும் பூட்டு. முப்பது வருடத் தொழிலில் அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னதே இல்லை. "அது" என்பார். வயசுப் பையன் யாராவது வந்து கேட்டால், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஆரம்பித்து குலம் கோத்திரம் வரை விசாரிப்பார். பாதிப் பேர் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கம். ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. வாங்கிய மருந்துதான் பெயர். தலைமையாசிரியர் 'மூலக்களிம்பு'. எதிர்வீட்டு வக்கீல் 'வாயுத் தொல்லை'. ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

மகளுக்கு இருபத்தைந்து வயது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவனைக் காதலித்தாள். அடுத்த மாதம் அவன் பெற்றோரோடு வந்து பெண் கேட்பதாக ஏற்பாடு. அதுவரை பொறுக்க இருவருக்கும் பொறுமை இல்லை. ஆனால் இருவருக்கும் புத்தி இருந்தது. அவன் தெருக் கடைக்காரர்கள் எல்லாம் அவனுக்குச் சித்தப்பா, பெரியப்பா முறை. மற்ற மருந்துக்கடைக்காரர்களுக்கு அவளையும் தெரியும், அவளோடு சுற்றும் அவனையும் தெரியும். அப்பாவின் டிராயரிலிருந்து அவளே எடுத்தால் திருட்டு. ஒருவன் வந்து கேட்டு வாங்கினால் வியாபாரம். அதனால், "ரெண்டு மணிக்கு வா. அப்பா சாவியை வெச்சுட்டு சாப்பிடப் போயிடுவார்" என்று அவள்தான் சொன்னாள்.

அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்குப் பல்வலி, சாப்பாடு வேண்டாமென்று விட்டார். மேஜைக்கடியில் குனிந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். மகள் கண்ணைக் காட்டியதை மெக்கானிக் காதல் என்று எடுத்துக்கொண்டான்.

"ஒரு பாக்கெட் காண்டம்" என்றான், சிரித்துக்கொண்டே.

அப்பா எழுந்தார். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்ல சார்."

"அந்தப் பொண்ணுக்கும் ஒரு அப்பா இருப்பாரே. அவரைக் கொஞ்சம் நினைச்சுப் பாத்தியா?"

"அவரை நினைச்சுதான் சார் கேக்கறேன்."

கடைசியில் இருமல் மருந்தோடுதான் போனான். அப்பா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?" அவனுக்கும் 'அது' என்று அப்பா பெயர் வைத்தாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு பெண் கேட்டு வருவான்?

அடுத்த மாதம் மீசையை மழித்துக்கொண்டு பெற்றோரோடு வந்தான். வாசலிலேயே அப்பாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கோ பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். மகள் அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பையன் வேணாம்."

"ஏன்? என்ன குறை?"

"இவனை எனக்குத் தெரியும். கடைக்கு வந்தான்."

"வந்தா என்ன?"

"வாங்க வந்தான்."

"எதை?"

"அதை."

"எதைங்க?"

அப்பா வாயைத் திறந்தார். கூடத்தில் சம்பந்தி வீட்டார், எதிரே மனைவி, பக்கத்தில் மகள். முப்பது வருடம் வராத வார்த்தை அன்றைக்கு மட்டும் வந்துவிடுமா? திறந்த வாயை மூடினார்.

"இருமல் மருந்து."

"நல்லா இருக்கு நீங்க பேசறது. இருமல் யாருக்குத்தான் வராது?"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அந்தப் பொண்ணுக்கு அப்பா யாரென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டார். பிறகு கூடத்துக்குப் போய், "எங்களுக்குச் சம்மதம்" என்றார். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தப் பாழாய்ப்போன கூச்சம் ஒருநாளாவது உருப்படியாக ஒரு காரியம் செய்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு அப்பா சாவியை அவள் முன்னால் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கீழ் டிராயரை இனி நீயே பாத்துக்கோ. லைசென்ஸ் உன் பேர்லதானே இருக்கு."

அவர் போனதும் திறந்தாள். ஒரு பெட்டியைத் திருப்பித் தேதி பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். எல்லாமே காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

போனை எடுத்து மொத்த வியாபாரியைக் கூப்பிட்டாள். மூலக்களிம்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"காண்டம், பத்துப் பெட்டி."